ரீங்காரத்தைவிட நடைதான் சிக்கல்
நால்வர் தந்திக் குழு (இரண்டு வயலின், வியோலா, செல்லோ) நார்வே நாட்டுப்புற இசையை வாசிப்பது பற்றிய ஒரு கட்டுரை, இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்தாலே வயலினில் ஹார்டாங்கர் ஃபிடில் (நார்வேயின் நாட்டுப்புற வயலின்) ஒலி வந்துவிடும் என்கிறது. பாதிதான் சரி. அந்த ஃபிடிலில் வில் படும் 4 தந்திகளுக்கு அடியில் தானாக அதிரும் 4 அல்லது 5 தந்திகள் வேறு உண்டு, தந்திகளைத் தாங்கும் குதிரையும் (bridge) வளைவு குறைந்து தட்டையாக இருக்கும். செல்லோவும் வியோலாவும் திறந்த தந்தியை (விரல் வைக்காத தந்தி) வைப்ராட்டோ என்ற சுர நடுக்கம் இல்லாமல் மெலிதாக நீட்டினால் அந்த ரீங்காரத்தை ஓரளவு நெருங்கலாம். நால்வர் குழுக்கள் உண்மையில் சறுக்குவது தாள நடையில். நார்வேயின் டெலெமார்க் பக்கத்து ஸ்பிரிங்கார் என்ற நாட்டுப்புற நடன இசையில் 3 தாள அடிகளும் சமமில்லை: நீளம், நடுத்தரம், குட்டை. இன்னொரு வட்டாரமான வால்ட்ரெஸில் முதல் அடியே குட்டை. தாளில் 3/4 என்று போட்டிருக்கிறதே என்று சமமாக வாசித்தால் வால்ட்ஸ்தான் கேட்கும், ஆடுகிறவருக்குக் கால் எழாது. சீராகத் தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, நால்வரும் காலால் தட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும்.