படம் புரியாதவர்கள் முட்டாள்கள் அல்லர்

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' 2014 நவம்பரில் வெளிவந்த ஆங்கிலப் படம். பயிர்கள் அழிந்து பூமி வாழத் தகுதியற்றுப்போக, மனிதர்கள் குடியேற வேறு கிரகம் தேடி மகளைப் பிரிந்து விண்வெளிக்குப் போகும் ஒரு தகப்பனின் கதை. 2025 பிப்ரவரியில் அது மறுபடியும் நம் நாட்டுத் திரைகளுக்கு வந்ததிலிருந்து, வேலூரில் என்னைச் சுற்றி இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. ஒரு கட்சி படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. இன்னொரு கட்சி, காசையும் கொடுத்துத் தலைவலியையும் வாங்கிவந்தோம் என்கிறது. ஆளுக்கு ஒரு ரசனை இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் முதல் கட்சிக்காரர்கள் இரண்டாம் கட்சிக்காரர்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் இந்தப் படம் எதற்கு? அறிவியல் தெரிந்தவர்களுக்கு எடுத்த படம்" என்று எழுதுகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் பல ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். 'புரியவில்லை' என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சொன்ன பிள்ளையை உட்கார வைத்துச் சிரிக்கிறவர்களின் பக்கம் நான் ஒருநாளும் நிற்க மாட்டேன். அந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஐமேக்ஸ் திரை கிடையாது. காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்த்தான் பார்த்தோம். என் அக்கா, அக்கா மகன், எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியை, ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர், நான். திரும்பும் ரயிலில் அரக்கோணம் வருவதற்குள் பேச்சு சண்டையாகிவிட்டது. பொறியியல் படிக்கும் அக்கா மகனுக்குப் படம் வேதவாக்கு. ஆசிரியைக்குப் பாதி பிடித்திருந்தது. அக்கா முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டுமே பேசினார். நண்பரோ கையை விரித்தார்: "ஒரு மணி நேரம் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் இருந்தால் பூமியில் ஏழு வருடமாம். நன்றாகக் காதில் பூ சுற்றுகிறார்கள்."

அவர் அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். சோளிங்கர் தாண்டியதும் கேட்டார்: "வாத்தியாரே, பூமியிலிருந்து கிளம்பும்போது அடுக்கடுக்கான ராட்சத ராக்கெட் வைத்துத்தானே அந்தக் கலத்தை ஏற்றினார்கள்? அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஈர்ப்பு பூமியைவிட அதிகம் என்று அவர்களே சொன்னார்கள். அங்கிருந்து மட்டும் அந்தச் சின்னக் கலம் தானாக எப்படி எழும்பியது?"

அக்கா மகன் வாயடைத்துப் போனான். படத்தில் அந்தக் கிரகத்தின் ஈர்ப்பு பூமியைப்போல் 130 விழுக்காடு என்று சொல்லப்படுகிறது. பூமியில் தேவைப்பட்ட ராக்கெட் அங்கே தேவைப்படாமல் போனதற்குப் படத்தில் விளக்கம் எதுவும் இல்லை. அது கதையில் இருக்கும் ஓட்டை, அவ்வளவுதான். படத்தைத் தலையில் வைத்து ஆடியவர்கள் கண்ணில் படாத ஓட்டை, 'எனக்கு ஒன்றுமே புரியவில்லை' என்றவர் கண்ணில் பட்டிருக்கிறது. இவரையா அறிவியல் தெரியாதவர் என்பீர்கள்?

ஆனால் அவர் காதில் பூ என்று சொன்ன அதே விஷயம்தான் படத்தில் இருப்பவற்றிலேயே கெட்டியான அறிவியல். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும். இது நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலேயே தினமும் நடந்துகொண்டிருக்கிற கணக்கு. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், தரையில் இருக்கும் கடிகாரங்களைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன, வேகமாகச் சுற்றுவதால் 7 பிந்துகின்றன, கழித்தால் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் வரைபடம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும். காட்பாடி ரயில் நிலையத்துக்கு ஆட்டோவை வரச் சொன்னால் அது வேலூரின் மறுகோடியில் உள்ள பாகாயத்தில் போய் நிற்கும். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் தன் கைப்பேசியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தக் காட்சியில் நான் சிரித்திருக்க மாட்டேனே" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஆண்டு என்பது மிக அதிகம்தான். காலம் அறுபதாயிரம் மடங்குக்கு மேல் மெதுவாக வேண்டும். நோலன் இந்தக் கணக்கைக் கேட்டபோது, படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன் முதலில் நடக்காது என்றுதான் நினைத்தார். அந்தத் தண்ணீர்க் கிரகம் ஒரு கருந்துளையை, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு கொண்ட ஒன்றை, ஒட்டிச் சுற்றுகிறது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டதில், அந்தக் கருந்துளை அதன் உச்ச வேகத்தை மயிரிழையில் தொடும் அளவுக்குச் சுழன்றால் இயலும் என்று விடை வந்தது. இயற்கையில் அப்படி ஒன்று இருக்குமா என்பது வேறு கேள்வி. விதியை மீறவில்லை என்பதுதான் முக்கியம். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததற்காக 2017-இல் ரைனர் வைஸ், பேரி பேரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்தத் தோர்ன்.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று இருக்கிறது. தேவர்களுக்கு ஒரு நாள் என்றால் மனிதர்களுக்கு ஓர் ஆண்டு என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது என்ற எண்ணம் நமக்குப் புதிதே இல்லை. அந்தக் கதையிலிருந்து இந்தக் கணக்குக்கு ஒரு பாலம் போட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. அந்தக் குறையில் என்னைப் போன்ற ஆசிரியர்கள், பாடத்திட்டம் போடுகிறவர்கள், தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு அதில் பங்கு கிடையாது.

சரி, ஒரு பெரிய மனிதர் சிரித்த கதையையும் சொல்கிறேன். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், எரிபொருள் தீர்ந்த ஒரு நட்சத்திரம் எந்த எடை வரை வெண்குள்ளன் என்னும் சுருங்கிய நட்சத்திரமாக நிலைத்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் அது சுருங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். கருந்துளை என்ற எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் கணக்கு அது. 1935 ஜனவரியில் லண்டனில், அன்றைய வானியலின் மாமேதை எடிங்டன், நிறைந்த சபையில் அந்தக் கணக்கைக் கேலி செய்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க ஏதாவது ஓர் இயற்கை விதி இருந்தே ஆக வேண்டும் என்றார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். எடிங்டனுக்கே நம்ப முடியாமல் போன ஒன்றை ஆம்பூர்க்காரர் ஒருவர் சட்டென்று நம்பவில்லை என்பதற்காக அவரைப் பழிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கருந்துளைக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இருட்டு உருண்டை, நடுவில் குறுக்கே ஒளித்தட்டு, மேலேயும் கீழேயும் வளையம். பலரும் அதை ஓவியர் கற்பனை என்று நினைக்கிறார்கள். உருண்டைக்குப் பின்னால் இருக்கும் தட்டின் ஒளி, ஈர்ப்பால் வளைந்து மேலும் கீழுமாக நம் கண்ணுக்கு வந்து சேர்வதால்தான் அப்படித் தெரிகிறது. தோர்ன் எழுதிக்கொடுத்த சமன்பாடுகளை வைத்து வரைகலைக் குழு அதை உருவாக்கியது. அதிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளே 2015-இல் வெளிவந்தன. ஆனால் ஒன்றை நோலன் வேண்டுமென்றே விட்டுவிட்டார். தட்டு சுழலும்போது நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும், விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்க்கிறவர்கள் குழம்புவார்கள் என்று இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் ஒளிரவிட்டார். 2019 ஏப்ரலில் எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் உண்மைப் படம் வெளிவந்தது நினைவிருக்கும். அந்த வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் பிரகாசமாக இருக்கிறது. மக்களுக்குப் புரியாது என்று திரையில் காட்டாமல் விட்டதை உலகத்தின் எல்லாச் செய்தித்தாள்களும் முதல் பக்கத்தில் போட்டன. யாரும் குழம்பிவிடவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வாழ்க்கைப்பட்ட ஊர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையில், பாலாற்றங்கரை. தோல் பதனிடும் கழிவு இறங்கிக் கிணற்று நீர் உவர்த்துப்போன ஊர்களில் அதுவும் ஒன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னதை நாம் எல்லாரும் அறிவோம். தீர்ப்பு வந்தது, நிலம் பழைய நிலமாகத் திரும்பவில்லை. இந்தப் படத்தின் தொடக்கத்தில், பக்கத்துத் தோட்டக்காரர் நோய் கண்ட வெண்டைப் பயிரைக் கொளுத்துகிறார். இதுவே உலகத்தின் கடைசி வெண்டை அறுவடை என்று பெரியவர் சொல்கிறார். ஒரே ஒரு வசனம், நொடியில் கடந்துபோகும். அந்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் புழுதி படியாமல் இருக்கத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பதையும் அவர்தான் எனக்குக் காட்டினார். புழுதிக் காலத்தைப் பற்றிப் படத்தில் நம்மைப் பார்த்துப் பேசும் முதியவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே இல்லை, 1930-களில் அமெரிக்காவில் நிலம் புழுதியாய்ப் பறந்ததை நேரில் கண்டவர்கள் என்று நான் சொன்னேன். "பார்த்தாலே தெரிகிறதே" என்றார்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. விண்வெளிக்குப் போனபிறகு அந்த மண்ணைப் படம் மறந்துவிடுகிறது. பூமியைக் காப்பாற்ற முடியாது, வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று அவ்வளவு சுலபமாக முடிவுகட்டுகிறார்களே, அதை அக்கா கடைசிவரை ஏற்கவில்லை. "ஊரை விட்டுப் போகிறவனுக்குக் கலம் இருக்கிறது. போகமுடியாதவர்கள் எத்தனை பேர்?" என்றார். இது திரைக்கதையின் அடிமடியிலேயே கைவைக்கும் விமர்சனம். ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எழுதிய எதிலும் இதை நான் படிக்கவில்லை.

எனக்குப் பிடிக்காத இடங்களும் உண்டு. அன்பு பரிமாணங்களைத் தாண்டும் என்று விஞ்ஞானி ஒருவர் வகுப்பு எடுக்கும் காட்சி வெறும் பேச்சு. மகள் வளர்ந்து முதிர்ந்து திரையில் பேசுவதைப் பார்த்துத் தகப்பன் உடைந்து அழும் காட்சி, தண்ணீர்க் கிரகத்தில் சில மணி நேரம் இருந்ததில் 23 ஆண்டுகள் கைநழுவிப் போன வலியை ஒரு தத்துவமும் பேசாமல் சொல்லிவிடுகிறதே, அதற்குமேல் அந்த வசனம் எதற்கு? கருந்துளைக்குள் புத்தக அலமாரி வரும் பகுதி முழுக்க முழுக்கக் கற்பனை. உள்ளே என்ன நடக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் அக்கா மகனின் நண்பர்கள் அந்த அலமாரியை அறிவியல் உண்மை என்று நம்புகிறார்கள். உண்மையான காலக் கணக்கையோ பலர் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லும் வேலையைச் செய்யாமல், பிடித்ததா பிடிக்கவில்லையா என்று மட்டும் அடித்துக்கொண்டு என்ன பயன்?

அந்த வேலையைச் செய்ய நம்மிடம் இடமில்லையா? பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே, சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு தேடித் தேர்ந்தெடுத்த இடம். 1972-இல் வியாழனின் துணைக்கோள் கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளமும், 1977-இல் யுரேனஸின் வளையங்களும் அங்கிருந்த தொலைநோக்கியில் பதிவாயின. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து 1986-இல் அங்கே நிறுவினார்கள். ஏலகிரிக்குச் சுற்றுலா போகும் எத்தனை குடும்பங்கள் ஆலங்காயம் வழியாக மேலே ஏறிப் பார்த்திருக்கின்றன? வேலூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் காவலூர் என்ற பெயரே தெரியவில்லை. நாசா என்றால் தெரிகிறது.

கடைசியாக ஒலி. படம் முதலில் வந்தபோதே, இசையும் இரைச்சலும் வசனத்தை விழுங்குகின்றன என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களே முறையிட்டார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்று நோலன் பதில் சொன்னார். அவர் கலை, அவர் உரிமை. ஆனால் அவர்களுக்கே காதில் விழாத வசனத்தை, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு என் அக்கா எப்படிப் பிடிப்பார்? 169 நிமிடம் அவர் காட்சிகளை மட்டுமே வைத்துக் கதையைக் கட்டி எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பார்த்துப் படம் புரியவில்லையா என்று இளக்காரமாகக் கேட்கிறீர்கள். இத்தகைய படங்களைத் தமிழ்நாட்டில் திரையிடும்போது திரையின் அடியில் தமிழ் எழுத்துகளை ஓடவிட வேண்டும் என்று விநியோகஸ்தர்களிடம் கேளுங்கள், நானும் கேட்கிறேன். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்று அக்கா சொன்னால், அதற்குக் காரணத்தையும் அவரே சொல்வார்.