‘சும்மா இருந்தேன்’ என்று ஒரு குழந்தை சொன்னால் கைதட்டிச் சிரிக்க வேண்டுமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் வாசகசாலை ஆண்டு விழா மேடையில் விருந்தினர் ஒரு சிறுமியை வெட்கப்பட வைத்ததை நான் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடக் காணொளியை உங்களில் பலரும் பார்த்துவிட்டீர்கள். சிலர் சிரிப்புக்குறி இட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். நான்கு நாட்களாக இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று என் உறவினர் ஒருவர் அதே காணொளியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரியான சூடு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

விடுமுறையில் என்ன செய்தாய் என்று மேடையிலிருந்த விருந்தினர் கேட்டார். ‘பாட்டி வீட்டில் சும்மா இருந்தேன், சார்’ என்று அந்த ஏழாம் வகுப்புச் சிறுமி உண்மையைச் சொன்னாள். அதற்காக அவளை ஊர் முன்னிலையில் நிறுத்திவைத்து, ‘சொல்வதற்கு வெட்கமாக இல்லையா? உன் வயதுப் பிள்ளைகள் இந்த இரண்டு மாதத்தில் கோடிங் படித்து முடித்துவிட்டார்கள்’ என்று கேட்பதற்கு மிகுந்த ஊக்கம் வேண்டும். நோட்டீசில் அவர் பெயருக்குக் கீழே ‘ஊக்கப் பேச்சாளர்’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். எனவே குறை சொல்ல முடியாது.

சும்மா இருப்பது குற்றம் இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ‘சும்மா’ என்றவுடன் சித்தர் பாடல் ஒன்றை எடுத்து வைத்து, இது ஞானத்தின் வழி என்று நான் விளக்கப் போவதாக நினைக்க வேண்டாம். ஞானம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ரப்பர் மரம்.

தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி விளைகிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேடை போட்டு, ஓய்வே கூடாது என்று பேசுகிறவர் வருகிற வழியில் காரை நிறுத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நட்டு ஏழு ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் மரத்தில் கத்தி வைக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவது நின்றுவிடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் வெட்டுகிறார்கள். இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டுவதில்லை. ஒழுகிப் போன பாலை மரம் திரும்ப ஊற வைத்துக்கொள்ள ஒரு நாளாவது விட வேண்டும். தை மாதத்தை ஒட்டி இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுத் துளிர்க்கிற காலத்தில் பல தோட்டங்களில் வெட்டே கிடையாது. அந்த நாட்களில் பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர், குத்தகை முடிவதற்குள் போட்ட காசை எடுத்துவிடும் அவசரத்தில் தினமும் வெட்டினார். முதல் சில மாதங்கள் சிரட்டை நிறைந்தது. இரண்டாம் ஆண்டில் பாதி மரங்களின் பட்டை மரத்துப்போனது. கத்தி வைத்தால் காய்ந்த பொடி உதிர்ந்ததே தவிர, ஒரு சொட்டுப் பால் வரவில்லை. அப்போது நான் சிறுவன். அந்த மரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “மரத்துக்கு ஒரு நாள் விடணும், மக்களே.”

கடலும் வேறு விதமாக நடந்துகொள்வதில்லை. இதை எழுதும்போது குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குப் பக்கத்தில் தடை. சின்னமுட்டம் பக்கத்தில் அதே 61 நாள் தடை ஏப்ரல் 15-இலேயே தொடங்கிவிடுகிறது. இந்தத் தடை இல்லாவிட்டாலும், நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் யாரும் கடலில் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போனால் ஆண்டுக்கு 52 நாள் கூடுதலாக மீன் கிடைக்குமே என்று எந்த ஊக்கப் பேச்சாளரும் இதுவரை அங்கே போய்ச் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டும்.

‘மாதச் சம்பளம் வாங்குகிறவன் பேசலாம், அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்கு நிதானமாக வாழ என்ன வழி இருக்கிறது’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். என்னிடம் இதற்கு முழுமையான பதில் இல்லை. ஆனால் ஓய்வு என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால், அது இல்லாதவர்களுக்கு என்றுமே கிடைக்காது. துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண் பிள்ளைகளுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவதற்கு ஒரு சட்டம்! 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்து நின்றவர்கள் தொழிற்சங்கத்துக்காரர்கள். அதனால்தான் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. அவர்களில் ஒருவரும் மாதச் சம்பளத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இல்லை. எனவே ஏழையின் பெயரைச் சொல்லி என்னை அடிக்க வருகிறவர்கள், அந்த ஏழை எதற்காகப் போராடினார் என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.

‘நாடு முன்னேற வேண்டாமா’ என்பது அடுத்தது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் ஒரு தொழிலதிபர் சொன்னார். 2025 தொடக்கத்தில் இன்னொருவர் அதை 90 ஆக்கி, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். ஏலம் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. வாரத்தில் மொத்தமே 168 மணி நேரம்தான் இருக்கிறது. இந்த எதிர்ப்புக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

‘அவர் வறுமையில் பிறந்து தானாக முன்னுக்கு வந்தவர், அவரைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதி’ என்று ஒரு நண்பர் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். தகுதி இருக்கிறது, நண்பரே. அவர் சொன்ன அத்தனையையும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவன் நான். மேடையிலிருந்து சொல்லவில்லை, சென்னையிலிருந்து தொலைபேசியில் என் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஒரு தோட்டத்தில் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டு இல்லாத நாளில் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) மண் அணைப்பார், மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எதையும் படிக்க மாட்டார், வானொலியும் கேட்க மாட்டார், சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சென்னையில் ஓர் அலுவலகத்தில் இரவு பதினொரு மணி வரை கணினியின் முன்னால் இருந்துவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அந்தக் காட்சி எரிச்சல் மூட்டியது. ‘மாதத்தில் பதினைந்து நாள் வீணாகத்தானே போகிறது, அந்த நாட்களில் இன்னொரு தோட்டம் எடுத்தால் என்ன’ என்று கேட்டேன். சோம்பேறி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் என்னவெல்லாம் சொல்ல முடியுமோ, அத்தனையும் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த மாதமே இரண்டாவது தோட்டம் எடுத்துக்கொண்டார். இந்தத் தோட்டத்து மரம் ஓய்ந்திருக்கும் நாளில் அந்தத் தோட்டத்து மரம், அந்த மரம் ஓய்ந்திருக்கும் நாளில் இந்த மரம் என்று ஆறு ஆண்டுகள், மரத்தின் அடிப்பக்கத்தில் போடுகிற தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்துகொண்டே இருந்தார். இரண்டு தோட்டத்திலும் ஒரு மரத்தைக்கூட அவர் அடுத்தடுத்த நாட்களில் வெட்டியதில்லை. ஒரு நாள் விட வேண்டிய இன்னொரு பட்டை அங்கே இருந்தது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை. இப்போது அவருக்கு 71 வயது. முழங்கால் மடங்காது, நாள் முழுவதும் அதே திண்ணையில்தான் இருக்கிறார். அது அவர் விரும்பி உட்கார்ந்த சும்மா இல்லை.

நம் முன்னோர் இந்தச் சும்மாவுக்காக மனு எழுதி நின்றவர்கள் என்பதையாவது அந்த மேடையில் இருந்தவர்கள் அறிந்திருக்க வேண்டும். அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய வேலைக்கு ‘ஊழியம்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அந்த ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிகள் மூலம் கேட்டுத்தான் அரசாணை பெற்றார்கள். அன்று அதிகாரி வந்து கூப்பிட்டார், போகாமல் இருக்க ஆணை தேவைப்பட்டது. இன்று கூப்பிட யாரும் வர வேண்டியதில்லை, நம் பிள்ளைகளை நாமே மேடையில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கைதட்டுகிறோம். ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கைதட்டவில்லை, எழுந்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்தக் கோபமும் இந்தப் பதிவில் கலந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

விழாக் குழுவினரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அந்தக் காணொளியை நீக்கிவிடுங்கள். நீக்குவதற்கு முன் ஒருமுறை ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ‘சும்மா இருந்தேன், சார்’ என்று சொன்னதோடு அவள் நிறுத்தவில்லை. ‘பின்ன, பாட்டி…’ என்று தொடங்குகிறாள், அதற்குள் அவர் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொள்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அவளுடைய உதடுகள் இன்னும் சிறிது நேரம் அசைகின்றன; என்ன சொன்னாள் என்பது அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை.