அட்லஸுக்குள் இருந்த விடைத்தாள்

போன வாரம் மகளின் அட்லஸை எடுத்தபோது உள்ளேயிருந்து கணக்கு விடைத்தாள் விழுந்தது. நூற்றுக்கு 31. "இன்னும் பேப்பர் தரலப்பா" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பொய் சொல்லிவிட்டாளே என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. "எம்பொண்ணுக்கு என் மூளை, கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொந்தக்காரர்கள் வீடெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவன் நான்தானே. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை 31-ஐ அட்லஸுக்குள்தான் வைக்கும்.

1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் சறுக்கினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களுக்கு அத்தோடு புதிரே கசந்துவிட்டது. வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது அவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்களில் அதில் பாதிப் பேர்கூட அப்படிச் செய்யவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது உளவியலாளர் ஸ்டீவன் ஹைனும் அவரது குழுவினரும் கனடா, ஜப்பான் மாணவர்களை வைத்துச் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு. மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் பொருந்தும் நான்காவதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சிலருக்குச் சுலபமான தாள், சிலருக்கு வேண்டுமென்றே கடினமான தாள். பிறகு ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போய்விட்டு, அதே மாதிரிப் புதிரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறார்கள் என்று கவனித்தார்கள். கனடா மாணவர்கள் ஜெயித்த பிறகு அதிக நேரம் உட்கார்ந்தார்கள். ஜப்பானிய மாணவர்கள் தோற்ற பிறகு.

சரி, அது ஜப்பானியர்களின் ரத்தத்திலேயே இருக்கிறது என்பீர்கள். அதையும் சோதித்தார்கள், இந்தமுறை ஜப்பானியர்களையும் அமெரிக்கர்களையும் வைத்து. "இந்தத் திறமை பிறவியிலேயே அமைவது" என்று முன்கூட்டியே சொன்னதும் ஜப்பானியர்களின் பிடிவாதம் தளர்ந்தது. அமெரிக்கர்களிடம் மாற்றமில்லை, அவர்கள் ஏற்கெனவே அப்படி நம்புகிறவர்கள். "உழைத்தால் வளரும்" என்றதும் அமெரிக்கர்கள் கூடுதல் நேரம் முயன்றார்கள். ஜப்பானியர்களுக்கு அது பழைய செய்தி.

இங்கேயே நிறுத்தி "முயற்சியைப் பாராட்டுங்கள்" என்று முடித்துவிடலாம். வாட்ஸப்பில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பிசா தேர்வில், 2018-ல் தோல்வி பயம் பற்றிக் கேட்டபோது அதிகம் பயந்தவர்கள் வரிசையில் தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் பிள்ளைகளோடு ஜப்பான் பிள்ளைகளும் இருந்தார்கள். உழைப்பை நம்பும் ஊர்களிலும் பயம் விடவில்லை. உளவியலாளர் பெர்னார்ட் வெய்னர் சொல்வது இங்கே பொருந்துகிறது: தோல்விக்குக் காரணம் மூளை என்று நினைத்தால் அவமானம், உழைப்பு போதாது என்று நினைத்தால் குற்ற உணர்வு.

நம் வீடுகளில் இரண்டையும் சேர்த்தே பரிமாறுகிறோம். ஜெயித்தால் மூளை, தோற்றால் சோம்பேறித்தனம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை 2017-லேயே நிறுத்தியாகிவிட்டது, ஃபிளெக்ஸ் பேனர்கள் நின்றபாடில்லை.

நானும் இதையெல்லாம் படித்த தைரியத்தில் அவளைக் கூப்பிட்டு, "மூளையெல்லாம் ஒண்ணுமில்லடா, இன்னும் கொஞ்சம் உழைச்சிருந்தா வந்திருக்கும்" என்றேன்.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தேம்ப்பா" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விடைத்தாளை விரித்து வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். காரணிப்படுத்தும் கணக்கு ஐந்து. ஐந்திலும் முதல் இரண்டு வரி சரி, மூன்றாவது வரியில் அடைப்புக்குறி போடும்போது கழித்தல் குறி கூட்டலாகியிருந்தது. ஐந்தும் ஒரே தப்பு. "அட, ஆமாம்ப்பா" என்று பென்சிலை எடுத்தாள்.