நோக்கம்: ரசம்

(மதுரை அண்ணா நகர். மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி. பெயின்ட் வாளி, உடைந்த குடம், தெர்மாகோல் பெட்டி என்று கிடைத்ததில் எல்லாம் செடி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சுந்தரம். அரசு அலுவலகம் ஒன்றில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய பேனா இன்னும் பெறவில்லை. இரண்டாம் மாடி மல்லிகா கையில் கிண்ணத்தோடு வருகிறார்.)

மல்லிகா: அண்ணே, ஒரு இணுக்கு கறிவேப்பிலை.

சுந்தரம்: நோக்கம்?

மல்லிகா: என்னது?

சுந்தரம்: எதற்கு என்று கேட்டேன். பதிவேட்டில் எழுத வேண்டும்.

மல்லிகா: ரசத்துக்கு.

சுந்தரம்: (எழுதியபடி) ரசம். தக்காளி ரசமா, எலுமிச்சை ரசமா?

மல்லிகா: அண்ணே, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது.

சுந்தரம்: பருப்பு ரசம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இப்போது அடித்து எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

மல்லிகா: காலையில் உழவர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன். கறிவேப்பிலையை அவர்களே கொசுறாகப் போட்டார்கள். இப்படி விசாரணை எல்லாம் இல்லை.

சுந்தரம்: கொசுறா? அந்தச் சொல்லை இந்த மாடியில் சொல்லாதே. செடி காதில் விழுந்தால் வாடிவிடும். இதற்கு அவ்வப்போது புளித்த மோர் ஊற்றுகிறோம், தெரியுமா? நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதால்தான் இத்தனை கிளை. விட்டிருந்தால் கொடிக்கம்பம் மாதிரி ஒற்றையாக மேலே போயிருக்கும்.

மல்லிகா: சரி, சந்தையைக் குறைத்துப் பேசாதீர்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே நம் அண்ணா நகரில்தான் வந்தது.

சுந்தரம்: 1999 நவம்பர் 14. எனக்கே சொல்கிறாயா? திறந்த புதிதில் போனேன். வெண்டைக்காய் முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்ததற்கு ஒரு பாட்டி கையிலேயே ஒன்று போட்டது.

மல்லிகா: எவ்வளவு ஒடித்தீர்கள்?

சுந்தரம்: கால் கிலோ வாங்குவதற்கு ஒரு கிலோ.

மல்லிகா: ஒன்றோடு விட்டாளே, புண்ணியவதி. அங்கே விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பதால் எனக்குப் பேரம் பேச வழியில்லை. என் திறமை முழுவதும் கொசுறில்தான்... சரி சரி, சொல்லவில்லை. அப்படியே கொஞ்சம் கொத்தமல்லி?

சுந்தரம்: கையிருப்பு இல்லை. விதைத்தாயிற்று, முளைக்க மறுக்கிறது.

மல்லிகா: (தொட்டியைக் கிளறிப் பார்த்து) முழுத் தனியாவை அப்படியே போட்டிருக்கிறீர்களே! பூரிக்கட்டையால் லேசாகத் தேய்த்து, இரண்டாக உடைத்துப் போட வேண்டாமா?

சுந்தரம்: அப்படி எனக்கு எழுத்துமூலம் எதுவும் வரவில்லை.

மல்லிகா: இவ்வளவு செடி வளர்ப்பவருக்கு இதுவா தெரியாது? அது போகட்டும், வந்ததிலிருந்து கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறீர்களே.

சுந்தரம்: ஒன்றுமில்லை. பிரண்டை, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு எல்லைக்குள் போய்விட்டது. காலையில் வெட்டிப் போட்டேன்.

மல்லிகா: வெறும் கையாலா? எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் அண்ணே.

சுந்தரம்: பிரண்டைக்கா?

மல்லிகா: கைக்கு! எங்கே அந்தப் பிரண்டை? (கூடையைப் பார்த்து) அடடா, எல்லாம் கொழுந்து. துவையலுக்கு என்று வெட்டினீர்களா?

சுந்தரம்: ஒழுங்குக்காக வெட்டினேன்.

மல்லிகா: பாவி அண்ணே. இதைக் கணுவை ஒதுக்கி, நாரை உரித்து, துண்டு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போகிற வரை வதக்க வேண்டும். வதக்குவதில் சோம்பல் பட்டால் தொண்டையும் அரிக்கும். அப்புறம் உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, வரமிளகாய், கொஞ்சம் தேங்காய், புளியைக் கொஞ்சம் கூடவே வைத்து, அம்மியில் கொரகொரப்பாக...

(சுந்தரத்தின் வயிறு அடுத்த மாடி வரை கேட்கும்படி சத்தம் போடுகிறது. இருவரும் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கிறார்கள்.)

மல்லிகா: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

சுந்தரம்: அந்த விவரத்துக்குப் பதிவேட்டில் இடம் இல்லை.

மல்லிகா: கொடுங்கள் பார்ப்போம். (பிடுங்கிப் படிக்கிறார்) "முடக்கத்தான், ஒரு கைப்பிடி, கீழ்வீட்டு ஆத்தா. நோக்கம்: தோசை மாவில் அரைத்துவிட. காரணம்: முட்டி வலி." சரி. "தூதுவளை, முதல் மாடி. நோக்கம்: ரசம், சளிக்கு. இலையின் அடியில் முள் குத்தியதாகப் புகார். புகார் நிராகரிக்கப்பட்டது."

சுந்தரம்: தூதுவளையில் முள் இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். முள்ளைக் கிள்ளித் தருவது நம் வேலை இல்லை.

மல்லிகா: "மணத்தக்காளிப் பழம், முழுவதும். எடுத்தவர்: கொண்டைக்குருவி. நோக்கம் தெரிவிக்கவில்லை. கையொப்பம் பெற இயலவில்லை." அண்ணே!

சுந்தரம்: நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மல்லிகா: "கற்பூரவல்லி இலை, மூன்றாம் மாடிப் பிள்ளைகள். நோக்கம்: பஜ்ஜி. பின்குறிப்பு: வாசனை மட்டும் மாடி வரை வந்தது." (நிமிர்ந்து பார்க்கிறார்) இது என்ன, கடைசிப் பத்தியில் "சொந்த உபயோகம்"? ஒவ்வொரு வரியிலும் "இல்லை", "இல்லை", "இல்லை". இத்தனை இலையும் ஊருக்குப் போயிருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு கறிவேப்பிலைகூட இல்லையே.

சுந்தரம்: பொறுப்பில் இருப்பவன் எடுத்துக்கொள்ளக் கூடாது. மரபு.

மல்லிகா: முன்பக்கத்தில் வேறு கையெழுத்தாக இருக்கிறதே. "மோர் புளித்ததும் கறிவேப்பிலைக்கு. புதினாத் தண்டை நட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், தொந்தரவு செய்ய வேண்டாம். கொத்தமல்லி நான் வந்து விதைத்துக்கொள்கிறேன், நீங்கள் தொடாதீர்கள்." இது அக்கா கையெழுத்து ஆயிற்றே! அப்படியானால் இந்தத் தோட்டம்...

சுந்தரம்: நிறுவியவர் அவள். மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருப்பதால், எனக்குக் கூடுதல் பொறுப்பு.

மல்லிகா: "தொடாதீர்கள்" என்பது எழுத்துமூலம்தானே வந்திருக்கிறது?

சுந்தரம்: அந்தக் கடிதம் என் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

(மல்லிகா மூலையில் இருக்கும் மக்கும் குப்பைத் தொட்டியைத் திறக்கிறார். சுந்தரம் எழுந்து வந்து மறைக்கப் பார்க்கிறார். அறுபது வயதுக்கு மேல் குப்பைத் தொட்டிக்கு முன்னால் இயல்பாக நிற்பது அத்தனை சுலபம் இல்லை.)

மல்லிகா: இது என்ன, வாழையிலைச் சருகுக்கு அடியில்? சால்னாப் பை!

சுந்தரம்: காற்றில் பறந்து வந்திருக்கும்.

மல்லிகா: முடிச்சுப் போட்டபடியா? இதோ இன்னொன்று. இதோ பரோட்டா சுற்றிய காகிதம். அண்ணே, இலை மக்கும். இந்தப் பை உங்கள் பேரன் ஓய்வு பெறும் வரை மக்காது.

சுந்தரம்: பேரன் இன்னும் பிறக்கவே இல்லை.

மல்லிகா: அதைத்தான் சொல்கிறேன். சுற்றிலும் முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை. நடுவில் உட்கார்ந்து மூன்று வேளையும் பரோட்டாவா?

சுந்தரம்: இரண்டு வேளை. காலையில் பரோட்டாக் கடை திறப்பதில்லை.

மல்லிகா: இனி மறைப்பதில் பயன் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் கறிவேப்பிலை ஒரு பை நிறைய இருக்கிறது. "ஏதாவது சாக்குச் சொல்லி மாடிக்குப் போ, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துச் சொல்" என்று அக்காதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுந்தரம்: (நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து) தணிக்கையா! நான் வேலையில் இருந்த காலத்தில் தணிக்கைக்கு வருபவர்கள் முன்னாலேயே தகவல் அனுப்புவார்கள். வடையும் காபியும் வாங்கி வைத்திருப்போம்.

மல்லிகா: வடை வேண்டாம். கற்பூரவல்லி இலை பத்துப் பறித்துக்கொள்கிறேன், பஜ்ஜிக்கு. இந்தப் பிரண்டையும் எனக்குத்தான். காலையில் வாங்கின கத்தரிக்காய் காம்பில் முள் மடங்காமல் அப்படியே இருக்கிறது, அதை எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கிறேன். ரசம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. பன்னிரண்டரைக்குக் கீழே வந்துவிடுங்கள்.

சுந்தரம்: இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது?

மல்லிகா: "சொந்த உபயோகம்".

சுந்தரம்: (எழுதுகிறார், நிறுத்துகிறார்) பத்து இலை என்றாயே. உங்கள் வீட்டில் நான்கு பேர். பஜ்ஜியில் என் பங்கு எத்தனை என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது.

மல்லிகா: இருபதாகப் பறிக்கிறேன், போதுமா? கிள்ளி வைத்தால் வேர் விடுகிற செடிக்கு ஏன் இவ்வளவு கணக்கு?

சுந்தரம்: அப்புறம்... அவளிடம் என்ன சொல்லப் போகிறாய்?

மல்லிகா: பார்த்ததை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

(சுந்தரம் எழுந்து நிழல் விழும் மூலைக்குப் போகிறார். அங்கே சுவரோரம் ஒரு வெற்றிலைக் கொடி.)

சுந்தரம்: உன் மாமியாருக்கு வெற்றிலை என்றால் உயிராயிற்றே. இது சோழவந்தான் கொடி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை, தெரியுமா? சும்மா இல்லை.

மல்லிகா: குறியீடு சோழவந்தானில் விளைவதற்கு அண்ணே. உங்கள் பெயின்ட் வாளிக்குக் கொடுக்கவில்லை.

சுந்தரம்: வாளி உள்ளூர், கொடி அந்த ஊர். மென்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொல். (ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளுகிறார், ஒரு கவுளிக் கட்டே சேர்ந்துவிடும் வேகத்தில்) சால்னாப் பை விஷயம் மட்டும் கோயம்புத்தூர் வரை போக வேண்டாம். பிரசவ வீட்டில் மனக்கஷ்டம் எதற்கு?

மல்லிகா: (முந்தானையில் வாங்கிக்கொண்டு) நல்ல கொழுந்து வெற்றிலையாகத்தான் இருக்கிறது. மாமியார் இன்று முழுக்க என்னோடு சண்டைக்கு வரமாட்டார். சரி, பதிவேட்டை எடுங்கள். இதை எப்படி எழுதுவது? லஞ்சம் என்றா, அன்பளிப்பு என்றா?

சுந்தரம்: (பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு) கொசுறு.