பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது

அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு ஆம்லோடிபின் 5. இரண்டும் வெள்ளை மாத்திரை, இரண்டுக்கும் பளபளக்கிற வெள்ளி அட்டை. பெயரைப் படிக்க டியூப்லைட்டுக்கு அடியில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். காலாவதித் தேதி மையே இல்லாமல் ஓரத்தில் அழுத்திய அச்சு. ஆறு மாத்திரை போதும் என்றால், கடைக்காரர் கத்தரியால் வெட்டி, சரியாக அந்த ஓரத்தைத்தான் தன் பக்கம் வைத்துக்கொள்கிறார்! கவரில் பேனாவால் '1-0-1' என்று ஒரு கிறுக்கல்; காலை ஒன்று, இரவு ஒன்று என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? அதை வாயால் சொன்னார், படியிறங்குவதற்குள் மறந்துவிட்டது.

2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளுக்கு, ஸ்மார்ட்போனில் ஸ்கேன் செய்து விவரம் பார்க்க கியூஆர் கோடு கட்டாயம். சரி, அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அட்டையின் பின்னால் நானே மார்க்கரில் எழுதிவைக்கிறேன்: 'சர்க்கரை, காலை, இரவு, சாப்பிட்ட பிறகு'. மாத்திரையைப் பிதுக்கப் பிதுக்க அந்த எழுத்தும் கிழிந்துபோகிறது.