அஃப்ரிகான்ஸ் நாடகப் பயிற்சி 1947-இல் தொடங்கவில்லை

டச்சு மொழியிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழி அஃப்ரிகான்ஸ். "1947-இல் தென்னாப்பிரிக்காவின் தேசிய நாடக அமைப்பு உருவான பிறகுதான் அஃப்ரிகான்ஸ் மொழிக்குத் தொழில்முறை நடிகர்கள் கிடைத்தார்கள்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. அந்த அமைப்பு அரசு நிதி பெற்ற முதல் தேசியக் குழு என்பது உண்மை. ஆனால் அது அஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் நாடகம் நடத்திய அமைப்பே தவிர, அஃப்ரிகான்ஸ் மேடையின் தொடக்கப் புள்ளி அன்று.

அஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழித் தகுதி பெற்ற அதே 1925-ஆம் ஆண்டில், நெதர்லாந்திலிருந்து வந்த நடிகர் பால் டி க்ரூட் அம்மொழி நாடகங்களோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியிருந்தார். நாடகப் பள்ளியில் கற்றுத் தேர்ந்த நடிகர்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் போல அந்தச் சுற்றுக் குழுவே பள்ளியாகவும் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது (பாய்ஸ் கம்பெனியின் சிறுவர்களைப் போலன்றி இவர்கள் பெரியவர்கள் என்ற வேறுபாடு உண்டு). பின்னர் சொந்தக் குழு நடத்திய ஹென்ட்ரிக் ஹனெகோம், மத்தில்டே ஹனெகோம் தம்பதியரும், ஆந்த்ரே ஹூகெனேயும் அவரிடம் தொழில் பழகியவர்கள். அதே 1947-இல் ஹூகெனே அஃப்ரிகான்ஸ் மொழியில் ஹாம்லெட்டாக நடித்தபோது அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு மேடை அனுபவம் இருந்தது. அதை ஓர் அரசு அமைப்பு ஓரிரு மாதங்களில் தந்திருக்க முடியாது.

ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக நாடகத் துறையையும் நண்பர் "தொடக்ககாலப் பள்ளி" என்கிறார்; அது 1961-இல்தான் தொடங்கியது.