இரண்டு மேரிகளும் ஒரு வேதாகமமும்

சென்ற ஞாயிறு எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறு. செய்தி கொடுக்க வந்த சகோதரர், ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனைப் பற்றி முக்கால் மணி நேரம் உருக்கமாகப் பேசினார். சிங்கம் அவரைக் கவ்விக் குதறியதும், அவர் இறந்த பிறகு இருதயத்தை ஆப்பிரிக்க மண்ணிலேயே புதைத்துவிட்டு உடலை மட்டும் அவருடைய ஆட்கள் கடற்கரை வரை சுமந்து சென்றதும் எல்லாம் வந்தன. மனைவியைப் பற்றி வந்தது ஒரே ஒரு வாக்கியம்: ஊழியப் பாதையில் அவர் தம் மனைவியையும் இழந்தார். சுற்றியிருந்த பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, மனம் கனத்துவிட்டது. "இழந்தார்" என்ற ஒரு சொல்லுக்குள் 41 வயதில் முடிந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடக்கிவிட முடியுமா என்ற கேள்வியோடுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மேரி. அவருடைய தாயார் பெயரும் மேரி. இந்த இருவரையும் விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவின் செட்ஸ்வானா மொழிக்கு வேதாகமம் வந்த வரலாற்றைச் சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

தாயார் மேரியின் கணவர் ராபர்ட் மோபட், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தோட்டக்காரர். அவர் வேலை பார்த்த நாற்றுப் பண்ணையின் உரிமையாளருக்கு மகள் மேரி ஸ்மித். மோபட் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1817-இல் கேப் டவுன் வந்து சேர்ந்தார். பெற்றோர் நெடுநாள் மறுத்துப் பிறகு மனம் இறங்கிய பின், மேரி கப்பலேறி வந்து 1819 டிசம்பரில் அங்கேயே அவரை மணந்தார். பிறகு காளை வண்டியில் வாரக்கணக்கில் வடக்கே பயணம் செய்து, கலஹாரியின் தெற்கு ஓரத்தில் குருமான் என்ற இடத்தில் குடியேறினார்கள். அங்கே பாறைக்கடியிலிருந்து பெருக்கெடுக்கும் வற்றாத ஊற்று ஒன்று உண்டு. தோட்டக்காரரான மோபட் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை நிலத்துக்குத் திருப்பினார்.

அது அமைதியான நாடாக இருக்கவில்லை. 1820-களில் அந்த உள்நாடெங்கும் பஞ்சம், கால்நடைக் கொள்ளை, ஆள் பிடிப்பு. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை விரட்ட, விரட்டப்பட்டவர்கள் மூன்றாவது கூட்டத்தின் மேல் போய் விழுந்தார்கள். 1823 ஜூனில் குருமானுக்கு வடகிழக்கே டிதாகோங்கில் நடந்த போரில், துப்பாக்கி ஏந்திய நூறு பேர் அளவிலான கிரிக்வா (கலப்பு வம்சாவளி மக்கள்) குதிரை வீரர்களோடு மோபட்டும் களத்தில் இருந்தார். தோற்று ஓடிய கூட்டத்தின் பெண்களையும் பிள்ளைகளையும், அவர்கள் அணிந்திருந்த சில வளையங்களுக்காக, செட்ஸ்வானா பேசும் ட்ஸ்வானா வீரர்கள் வெட்டியதைக் கண்டு, குதிரையைக் குறுக்கே விட்டுத் தடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிடிபட்டவர்களில் பலர் பின்னர் பிரிட்டிஷாரின் கேப் காலனிக்கு வேலையாட்களாக அனுப்பப்பட்டார்கள். அந்தப் போரே ஆள் பிடிப்பதற்காக நடந்ததுதான் என்று ஜூலியன் காபிங் என்ற வரலாற்றாசிரியர் 1988-இல் வாதிட்டதும், அதை மற்றவர்கள் மறுத்ததும் இன்று வரை தொடரும் விவாதம். எது சரியாக இருந்தாலும், போருக்கு வெளியே கைகட்டி நின்ற புனிதராக மிஷனரியைச் சித்திரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நேர்மையாகாது.

மொழி மோபட்டுக்கு எளிதில் வசப்படவில்லை. முதல் சில ஆண்டுகள் டச்சு மொழியையும் மொழிபெயர்ப்பாளர்களையும் நம்பியே காலம் தள்ளினார். 1827-இல்தான் வீட்டையும் நிலையத்தையும் விட்டுவிட்டு, செட்ஸ்வானா தவிர வேறு பேச்சே காதில் விழாத ஊர்களில் போய்ச் சில வாரங்கள் தங்கி அந்த மொழியைப் பிடித்தார். மூல மொழிகளான எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் அவர் பண்டிதர் அல்லர். அவர் மொழிபெயர்த்த லூக்கா சுவிசேஷம் 1830-இல் கேப் டவுன் அரசு அச்சகத்தில், எழுத்துக் கோக்கும் வேலையைக்கூடத் தாமே கற்றுச் செய்து, அச்சாயிற்று. திரும்பும்போது கையால் இயக்கும் இரும்பு அச்சுப் பொறி ஒன்றும் அவரோடு குருமானுக்கு வந்தது. புதிய ஏற்பாடு 1840-இல் லண்டனில் அச்சிடப்பட்டது. முழு வேதாகமம் 1857-இல் குருமானிலேயே முடிந்தது. லூக்கா வெளிவந்ததிலிருந்து கணக்கிட்டால் 27 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் அந்த வீட்டை நடத்தியவர் யார்? பத்துப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் சிலரைக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணில் வைத்தவர் யார்? 1824-இல் கணவர் தொலைவிலிருந்த மன்னர் மகாபாவைப் பார்க்கப் போயிருந்தபோது, கொள்ளைக் கூட்டம் வருகிறது என்ற செய்தி ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருக்க, சிறு பிள்ளைகளோடு இரவெல்லாம் விழித்திருந்தவர் தாயார் மேரிதான். மொழிபெயர்ப்பாளருக்கு மேசையும் விளக்கும் அமைதியும் தானாகக் கிடைப்பதில்லை, வீட்டில் ஒருவர் அவற்றைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காக நூற்றுக்கணக்கான மைல் தெற்கே அனுப்பப்பட்டார்கள். மகள் மேரி செட்ஸ்வானாவைத் தாய்மொழி போலப் பேசி வளர்ந்த பெண். அவரும் அப்படித்தான் பெற்றோரைப் பிரிந்து பள்ளிக்குப் போனார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் மிஷனரி பிள்ளைதான். அப்பா, அம்மா வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் ஊழியம் செய்ய, நான் ஆறு வயதில் தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தேன். அம்மாவின் இன்லண்ட் கடிதம் மாதம் ஒன்றோ இரண்டோ வரும். மடிப்பில் ஒட்டும் ஓரம் வரை நுணுக்கி எழுதியிருப்பார். பெற்றோரின் ஊழியத்தின் மேல் எனக்கு அன்றும் இன்றும் குறையில்லை, அதன் கனியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் உனக்குச் சம்மதமா என்று அந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் மேரி மோபட் என்ற சிறுமியைப் பற்றிப் படிக்கும்போது என்னால் வேகமாகப் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.

மகள் மேரி 1845-இல் லிவிங்ஸ்டனை மணந்தார். 1847 முதல் குருமானுக்கு வடக்கே கொலோபெங்கில் வீடு கட்டி, மன்னர் செச்செலேயின் பக்வேனா மக்களிடையே இருவரும் வாழ்ந்தார்கள். மேரி பள்ளி நடத்தினார். 1850-இல் பிறந்த மகள் எலிசபெத் ஆறு வாரத்தில் இறந்தாள், மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் வாதத்தில் இழுத்துக்கொண்டது. அந்த நிலையில் மறு ஆண்டே, மீண்டும் கர்ப்பமாக இருந்த மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே புதிய நாடுகளைத் தேடிப் புறப்பட லிவிங்ஸ்டன் முடிவு செய்தார்.

அப்போது குருமானிலிருந்து மாமியார் ஒரு கடிதம் எழுதினார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதா, இன்னொன்றை அரும்பாடுபட்டுக் காப்பாற்றியது போதாதா, கர்ப்பிணியான பெண்ணையும் சின்னஞ்சிறுசுகளையும் காட்டு வழியில் இழுத்துக்கொண்டு போகிறேன் என்கிறீரே, கேட்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று நெஞ்சு கொதித்து எழுதிய கடிதம் அது. மருமகன் அதைத் தம் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்தார், பயணத்தை நிறுத்தவில்லை. வழியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பிள்ளைகள் தாகத்தில் அழ, ஐந்தாம் நாள் பிற்பகல்தான் ஆட்கள் தண்ணீரோடு வந்தார்கள். அந்த நாட்களில் மேரி தம்மை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை என்றும், உள்ளே இருந்த வேதனையைக் கண்ணீர் நிறைந்த கண்கள் மட்டுமே காட்டின என்றும் லிவிங்ஸ்டனே பின்னர் எழுதினார். நம் மேடைகளில் இந்த மௌனத்தைக் கீழ்ப்படிதல் என்று புகழ்கிறோம். என் கண்ணுக்கு அது வேறு வழியில்லாத ஒரு பெண்ணின் மௌனமாகத்தான் படுகிறது. அந்தப் பயணத்தில்தான் ஓர் ஆற்றங்கரையில் அவருக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்தது.

1852 ஏப்ரலில் மேரியும் நான்கு பிள்ளைகளும் கேப் டவுனில் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். அதற்குப் பின் நாலரை ஆண்டுகள் போதிய பணமும் நிலையான வீடுமின்றி அவர் அங்கே அல்லாடினார். கணவரோடு சேர்ந்திருக்க மீண்டும் ஆப்பிரிக்கா வந்து, 1862 ஏப்ரல் 27 அன்று ஜாம்பேசி நதிக்கரையில் ஷுபாங்கா என்ற இடத்தில் காய்ச்சலில் இறந்தார். ஒரு பாவோபாப் மரத்தடியில் புதைத்தார்கள். மூத்த மகன் ராபர்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேறு பெயரில் படையில் சேர்ந்து, 1864-இல் 18 வயதில் போர்க் கைதியாக மாண்டான். சென்ற ஞாயிறு "இழந்தார்" என்று சொல்லப்பட்டதற்குள் இருப்பவை இவ்வளவும்.

மிஷனரி குடும்பத்தின் துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்தினாலும் அது பாதிதான். 1852-இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு வால் நதிக்கு வடக்கே இருந்த போயர்களோடு (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) உடன்படிக்கை செய்து, அவர்களுக்குச் சுதந்திரம் தந்ததோடு, ஆப்பிரிக்கர்களுக்கு ஆயுதம் விற்பதையும் தடை செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் போயர் படை செச்செலேயின் ஊரான திமாவேயைத் தாக்கியது. லிவிங்ஸ்டனின் கொலோபெங் வீடும் சூறையாடப்பட்டு, அவருடைய புத்தகங்களின் தாள்கள் கைகையாகக் கிழித்து இறைக்கப்பட்டன. அவர் அங்கே இல்லை, வண்டிச் சக்கரம் உடைந்ததால் குருமானில் தங்கிவிட்டிருந்தார். பக்வேனா மக்களுக்கு அப்படித் தப்ப வழியிருக்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் பெருந்தொகையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

செய்தியைக் குருமானுக்குக் கொண்டு வந்தவர் செச்செலேயின் மனைவி மசெபெலே. மோபட்டுக்குச் செச்செலே தம் கைப்பட எழுதிய கடிதம் அவரிடம் இருந்தது. தாக்குதலின்போது மசெபெலே கைக்குழந்தையோடு ஒரு பாறை இடுக்கில் ஒளிந்திருந்தார். தலைக்கு மேலே பாறை விளிம்பில் நின்று போயர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி முனை கண்ணில் பட்டது. குழந்தை அழத் தொடங்கியது. சத்தம் வெளியே கேட்டால் இருவருக்கும் முடிவு. மசெபெலே தம் கைகளில் இருந்த வளையங்களைக் கழற்றிக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்து அதன் அழுகையை அடக்கினார்.

வேதாகம மொழிபெயர்ப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாறை இடுக்குதான் நினைவுக்கு வருகிறது. செச்செலே எழுதிய எழுத்து, மோபட் புத்தகங்கள் மூலம் வந்த எழுத்து. ஏசாயா தீர்க்கதரிசியைத் தம் மொழியில் திரும்பத் திரும்பப் படித்து, இந்த மனிதருக்குப் பேசத் தெரியும் என்று வியந்தவர் அந்த மன்னர். ஞானஸ்நானத்துக்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தத் தவறும் செய்யாத மற்ற மனைவியரைத் தாய்வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். அந்தப் பெண்களின் குடும்ப வாழ்வு என்ன ஆயிற்று என்று எந்த மிஷனரி கூட்டத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை.

மொழிபெயர்ப்பிலேயே ஒரு காயம் உண்டு. ட்ஸ்வானா மக்கள் இறந்துபோன தம் முன்னோரை "பதிமோ" என்பார்கள். குடும்பத்தைக் காத்து நிற்பவர்கள், வணங்கத் தக்கவர்கள். திருவள்ளுவர் தென்புலத்தார் என்று சொல்கிறாரே, கிட்டத்தட்ட அந்த இடத்தில் உள்ளவர்கள். சுவிசேஷத்தில் இயேசு பிசாசுகளைத் துரத்தும் இடங்களில் மோபட் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டார். தென்புலத்தாரைத் துரத்தினார் என்று நம் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருந்தால் நம் பாட்டனாருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போது போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் இருந்த அறிஞர் மூசா டூபே 1999-இல் இதை எடுத்து எழுதினார். அவர் மொழிபெயர்ப்பைக் கண்டித்ததோடு நிற்கவில்லை, அதே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னோரோடும் நோயாளிகளோடும் பேசும் சுதந்திர ஆப்பிரிக்கச் சபைகளின் வாசிப்பையும் காட்டினார். மோபட்டின் உழைப்பை நான் மதிக்கிறேன், அந்தச் சொல்லை மன்னிக்கத் தயாராகவும் இருக்கிறேன். ஆனால் மன்னிக்கும் உரிமை என்னிடம் இல்லை, அது அந்த மக்களுடையது. பக்கத்தில் உட்கார்ந்து சொல் சொல்லிக்கொடுத்த ட்ஸ்வானா மக்களின் பெயர்கள் நூலின் முகப்பில் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களும் இருந்திருந்தால் அந்தச் சொல் அங்கே விழுந்திருக்குமா?

இன்று நிலைமை மாறிவருகிறது. தென் சூடானில் 2013 டிசம்பரில் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2016-இல் தெற்கு எல்லைப் பகுதிகளையும் பிடித்துக்கொண்டபோது, கெலிகோ மொழி பேசும் மக்கள் பெரும்பாலும் உகாண்டாவுக்கு ஓடினார்கள். அவர்களுடைய புதிய ஏற்பாடு 2018-இல் அங்கே, அகதிகள் நடுவில்தான் வெளியிடப்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்களில் கெலிகோ மக்களே முன்னணியில் இருந்தார்கள். அகதியாக இருப்பவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கும்போது, குடும்பம் ஒரு பக்கம், ஊழியம் ஒரு பக்கம் என்று பிரிக்க இடமே இல்லை. ரேஷன் வரிசையில் நிற்கும் மனைவியும் கூடாரத்தில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் அந்த மொழிபெயர்ப்புக்கு உள்ளேயே இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் சபை மிஷனரிக் குழுவுக்கு நேற்று இரண்டு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தேன். ஜெப அட்டையில் "குடும்பத்தார்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், மனைவியின் பெயரையும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், கூட உழைக்கும் அந்த ஊர் மக்கள் விரும்பினால் அவர்களுடைய பெயர்களையும் அச்சிட வேண்டும். பணியிடத்தை மாற்றும் முன், தாயிடமும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் தனியாக உட்கார்ந்து பேச ஒருவரை அனுப்ப வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எழுதக் கூடாது. படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிஷனரி கதை சொல்லும் முறை என்னுடையது. மசெபெலே கழற்றிக் கொடுத்த வளையங்களிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.